அடைப்பான் கிருமியும் அதன் பங்காளிகளும்

(வேளாண் ஒலிபரப்பில் வந்த உரை)



போன மாதம் ஒரு ஊரில் விவசாயிகள் கூட்டம். காலிஃபிளவரிலும் முட்டைக்கோஸிலும் இலையைத் தின்கிற பச்சைப் புழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பி.டி. என்கிற உயிர்மருந்தைச் சாயங்காலத்தில் தெளிக்கலாம் என்று சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "ஏன் சார், அந்த மருந்துல இருக்கிற கிருமி மாட்டுக்கு வர்ற அடைப்பான் கிருமிக்குப் பங்காளின்னு என் பேரன் படிச்சுட்டு வந்து சொல்றானே. அதையா எங்க காய்கறி மேல தெளிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பேரன் சொன்னது சரிதான். அடைப்பான் கிருமியும் பி.டி. கிருமியும் ஒரே குடும்பம். சோற்றைக் கெடுக்கிற இன்னொரு கிருமியும் அதே குடும்பம். ஒன்று ஆளையும் மாட்டையும் கொல்லும், ஒன்று வயிற்றைக் கலக்கும், ஒன்று நம் பயிரைக் காக்கும். பெரியவருக்கு அன்று சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இன்றைக்கு விவரமாகச் சொல்கிறேன்.

ஒரே குடும்பம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

இந்தக் குடும்பத்துக்குப் பேசில்லஸ் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத குச்சி மாதிரி உருவம். மூத்த பங்காளி பேசில்லஸ் ஆந்த்ராசிஸ், அதாவது அடைப்பான் கிருமி. அடுத்தது பேசில்லஸ் சீரியஸ், சோற்றுக் கிருமி. மூன்றாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். அதைத்தான் சுருக்கமாகப் பி.டி. என்கிறோம்.

மூன்றுக்கும் வீடு மண்தான். மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. தண்ணீரும் தீனியும் கிடைக்கிற வரைக்கும் பெருகும். அவை தீர்ந்துபோனால் கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு தூங்கிவிடும். அந்த நிலைக்கு வித்து என்று பெயர். விதைநெல் குதிருக்குள் கிடக்கிறதே, அது மாதிரி. ஆனால் ஒரு வித்தியாசம். ஒரு கதிரில் நூறு நெல் வரும். இங்கே ஒரு கிருமியிலிருந்து ஒரு வித்துதான். அது பெருகுவதற்கு ஏற்பட்டதல்ல, பிழைத்துக் கிடப்பதற்கு ஏற்பட்டது. வெயில், வறட்சி, சாதாரணச் சமையல் சூடு எல்லாவற்றையும் தாங்கும். நல்ல காலம் வந்தால் மறுபடி முளைக்கும். இந்த ஒரு சங்கதியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

சரி, உடம்பு ஒன்றாக இருந்தும் குணம் ஏன் வேறு? கிருமியின் உடம்புக்குள் முக்கியமான மரபுப் பொருள் ஒன்று உண்டு. அது மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றேதான். அதைத் தவிரச் சின்னச் சின்ன வளையங்களாகக் கொஞ்சம் மரபுப் பொருள் தனியே இருக்கும். இடுப்பில் செருகிய சுருக்குப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பான் கிருமியிடம் அப்படி இரண்டு பை. ஒன்றில் விஷம் செய்கிற பக்குவம் இருக்கிறது. இன்னொன்றில் மேலே ஒரு போர்வை போர்த்திக்கொள்கிற வித்தை இருக்கிறது. நம் ரத்தத்தில் காவல் காக்கிற வெள்ளை அணுக்கள் இந்தப் போர்வையால் ஏமாந்து விடுகின்றன. விஷமும் போர்வையும் சேர்ந்தால்தான் அது எமன்.

பி.டி.யிடம் இந்த இரண்டு பையும் கிடையாது. அதன் பையில் இருப்பது வேறு சரக்கு, புழுவைக் கொல்கிற ஒரு புரதம். பெரியவர் கேள்விக்கு இதுதான் பதில். ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் திருடன் என்பதற்காக இன்னொருவனையும் பூட்டி வைப்போமா?

மூத்த பங்காளி: அடைப்பான்

அடைப்பான் நமக்குப் புதியதல்ல. ராத்திரி நன்றாகத் தீனி தின்ற மாடு காலையில் செத்துக் கிடக்கும். சில சமயம் அதற்கு முன் கடும் காய்ச்சல், நடுக்கம், மூச்சு வாங்குதல் இருக்கும். பல சமயம் நாம் எதையும் பார்க்கிறதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். செத்த மாட்டின் வயிறு சீக்கிரம் உப்பும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த ரத்தம் கசியும். அந்த ரத்தம் லேசில் உறையாது. உடம்பும் வழக்கம்போல விறைக்காது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடைப்பான் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். ரத்தம் வரவில்லையே என்று துணிய வேண்டாம். சில மாட்டில் வராமலும் இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம். தொண்டை அடைப்பான் என்று ஒன்று உண்டு, சப்பை நோய் என்று ஒன்று உண்டு. இரண்டும் வேறு கிருமிகளால் வருபவை, அவற்றுக்குத் தடுப்பூசியும் வேறு. "போன மாசம் ஊசி போட்டாச்சே" என்று சும்மா இருக்கக் கூடாது. எந்த நோய்க்குப் போட்ட ஊசி என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டுக்கு இது எப்படி வருகிறது? பெரும்பாலும் மேய்ச்சலில்தான். கோடையில் புல் காய்ந்து கட்டையாகும். மாடு மண்ணோடு சேர்த்துக் கரம்பும். காய்ந்த தாள் வாயைக் கீறும். மண்ணில் வித்து கிடந்தால் உள்ளே போய்விடும். வறட்சிக்குப் பின்னால் மழை பெய்து, தண்ணீர் தாழ்வான இடத்தில் தேங்கி வடிகிறபோதும் வித்துகள் மேலே சேரும். சுண்ணாம்புச் சத்துள்ள மண் இதற்கு ரொம்பத் தோதானது.

1876-ஆம் வருஷம் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்கிற டாக்டர், மாட்டுக் கண்ணின் நீரில் இந்தக் கிருமியை வளர்த்து, அது வித்தாக மாறி, வித்து மறுபடி கிருமியாவதைக் கண்ணால் பார்த்துச் சொன்னார். இன்ன கிருமியால்தான் இன்ன வியாதி என்று முதன்முதலில் உலகத்துக்கு நிரூபித்தது இந்த அடைப்பானை வைத்துத்தான்.

வித்து எவ்வளவு காலம் கிடக்கும் என்கிறீர்களா? ஸ்காட்லாந்து தேசத்துக் கரையோரம் குரினார்டு என்று ஒரு சின்னத் தீவு. உலக யுத்தம் நடந்த 1942-இல் அங்கே ஆடுகளைக் கட்டிவைத்து அடைப்பான் கிருமியை வெடித்துச் சோதனை செய்தார்கள். ஆடுகள் செத்தன. யுத்தம் முடிந்தது, தீவு மட்டும் சுத்தமாகவில்லை. 1986-இல் ஃபார்மலின் மருந்தைக் கடல்நீரில் கலந்து டன் கணக்கில் மண்ணில் இறக்கினார்கள். 1990-இல்தான் மனுஷன் கால் வைக்கலாம் என்று அறிவித்தார்கள்.

இன்னொன்று, ரஷ்யாவில் சைபீரியாவின் யமால் பகுதி. அங்கே கலைமான்களுக்குப் போட்டு வந்த தடுப்பூசியை 2007-இல் நிறுத்திவிட்டார்கள், நோய்தான் வரவில்லையே என்று. 2016-இல் வழக்கத்துக்கு மாறான கோடை. உறைந்து கிடந்த மண் இளகியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் செத்தன. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனும் போனான். நோய் இல்லையே என்று ஊசியை நிறுத்துகிறவர்களுக்கு இதுவே பாடம்.

நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை

இப்போது சொல்லப்போவதை நான் மேடையில் அதிகம் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். விதைநெல் விநியோகத்துக்காக ஒரு ஊருக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் நாலைந்து பேர் ஒரு காளையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஜோடிக் காளையில் ஒன்று. "என்னண்ணே ஆச்சு?" என்று வண்டியில் இருந்தபடியே கேட்டேன். "பூச்சி கீச்சி தீண்டியிருக்கும் சார். மூக்குல ரத்தம். விடிஞ்சு பாத்தா கிடக்கு" என்றார்கள்.

மூக்கில் ரத்தம் என்றதுமே எனக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. ஆனாலும், இது கால்நடைத் துறைக்காரர் சமாசாரம், நமக்கென்ன என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

ஐந்தாறு நாளில் அறுத்தவர்களில் ஒருவருக்கு முன்கையில் கொசுக்கடி மாதிரி ஒரு தடிப்பு. அரிப்பு. பிறகு நீர் கோத்துக் கொப்புளம். அது உடைந்து நடுவில் கரி மாதிரிக் கறுத்துப்போய்ச் சுற்றிலும் வீங்கிவிட்டது. வலி இல்லை. வலி இல்லாததால் அவர் சட்டை செய்யவில்லை. மஞ்சள் அரைத்துப் பூசினார். காய்ச்சல் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நல்லவேளை, பெனிசிலின் ஊசியில் பிழைத்துக்கொண்டார். கையில் அந்த வடு இன்னும் இருக்கிறது. அடுத்த வருஷம் முதல் மழைக்குப் பின் அதே ஏரிக்கரையில் மேய்ந்த மூன்று ஆடுகள் செத்தன.

அன்றைக்கு வண்டியை நிறுத்தி, "அண்ணே, கத்தியைக் கீழே வையுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கையும் தப்பியிருக்கும், அந்தக் கரையும் கெட்டிருக்காது. அறுத்தவர்களைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. செத்த மாட்டை அறுப்பதும் தோல் உரிப்பதும் கையில் காசில்லாத கொடுமையால். தெரிந்தவன் வாயைத் திறக்காததுதான் குற்றம்.

ஏன் அறுக்கக் கூடாது?

இதற்குக் காரணம் இருக்கிறது, கேளுங்கள். செத்த மாட்டின் உடம்புக்குள் கிருமி குச்சி நிலையில்தான் இருக்கிறது. அது வித்தாக மாறுவதற்குக் காற்று வேண்டும். உடம்பை மூடியபடியே விட்டால், உள்ளே அழுகுகிற வேகத்தில் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலான கிருமி தானே செத்துப்போகும். கத்தி வைத்தால் ரத்தம் வெளியே வரும், காற்று படும், கோடிக்கணக்கில் வித்தாகி மண்ணில் இறங்கும். ஒரு மாட்டை அறுப்பது, அந்த இடத்தில் பல வருஷத்துக்கு அடைப்பானை விதைப்பது போல.

ஆகையால், திடீரென்று மாடோ ஆடோ செத்தால் செய்ய வேண்டியது இதுதான்:

ஒன்று, அறுக்காதீர்கள், தோல் உரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள், விற்காதீர்கள். வேகவைத்தால் சரியாகிவிடும் என்பது தப்பு. வித்து சாதாரணக் கொதியைத் தாங்கும். கறி வெந்தாலும், அதை அறுத்த கையும் கழுவிய இடமும் வேகவில்லையே!

இரண்டு, தரையில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கிடந்த இடத்திலேயே மூடிவைத்து நாய், நரி, காக்கை அண்டாமல் காவல் போடுங்கள்.

மூன்று, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் போதும். டாக்டர் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நுண்பெருக்கியில் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. இந்த நோயை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்று 2009-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது.

நான்கு, எரிப்பது உத்தமம். முடியாவிட்டால் கிணறு, வாய்க்கால், மேய்ச்சல் இவற்றுக்குத் தூரமாக ஆறடிக்குக் குறையாத ஆழத்தில் புதைக்க வேண்டும். அது கிடந்த இடத்து மேல்மண், சாணி, மிச்சத் தீனி எல்லாம் கூடவே போக வேண்டும். குழியில் என்ன மருந்து போடுவது என்பதை டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள்.

ஐந்து, அதே கொட்டிலில் காய்ச்சலாக இருக்கிற மாட்டின் பாலைக் கறந்து குடிக்காதீர்கள், ஊற்றாதீர்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால் பெனிசிலின் ஊசியில் மாட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

ஆறு, மாட்டைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு வாரம் உடம்பைக் கவனிக்க வேண்டும். வலியில்லாத கறுத்த புண் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. "செத்த மாட்டைத் தொட்டேன்" என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வைத்தியம் செய்யாவிட்டால் இந்தப் புண் நூற்றுக்குப் பத்து இருபது பேரைக் கொன்றுவிடும். சரியான நேரத்தில் மருந்து கொடுத்தால் சாவு அநேகமாக இல்லை. கறி தின்று வயிற்றில் வந்தாலும், வித்து மூச்சில் போய் நெஞ்சில் வந்தாலும் ஆபத்து ரொம்ப அதிகம்.

தடுப்பூசி விஷயம்

1881-இல் பிரான்ஸ் தேசத்தில் லூயி பாஸ்டர் என்கிற மேதை, புய்லி லெ ஃபோர் என்ற கிராமத்துப் பண்ணையில் ஊர் பார்க்க ஒரு பந்தயம் நடத்தினார். 24 ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டார், 24 ஆட்டைச் சும்மா விட்டார். பிறகு எல்லாவற்றுக்கும் அடைப்பான் கிருமியை ஏற்றினார். ஜூன் 2-ஆம் தேதி ஜனங்கள் வந்து பார்த்தபோது ஊசி போட்டவை நின்று மேய்ந்தன. போடாதவை அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாம் தீர்ந்தன.

இப்போது நாம் போடுவது அதற்கும் மேலானது. 1930-களில் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர், போர்வைப் பையைத் தொலைத்துவிட்ட ஒரு கிருமியைக் கண்டெடுத்தார். அதனிடம் விஷப் பக்குவம் உண்டு, ஒளிந்துகொள்ளப் போர்வை இல்லை. முகமூடி இல்லாத திருடன் மாதிரி. காவல்காரன் முகத்தைப் பார்த்துவைத்துக்கொள்கிறான். அடுத்த தடவை அசல் திருடன் வந்தால் அடையாளம் தெரிந்துவிடுகிறது. இந்த வித்துத் தடுப்பூசி நம் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாராகிறது.

நோய் வந்த ஊர்களில் வருஷம் ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். பலன் பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஊசி மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. அதனால் அந்தச் சமயத்தில் பெனிசிலின் மாதிரி மருந்து கொடுத்தால் தடுப்பூசி வீணாகும். வேறு வைத்தியம் நடந்துகொண்டிருந்தாலும், மாடு நிறைசினையாக இருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இரண்டாவது பங்காளி: சோற்றுக் கிருமி

பேசில்லஸ் சீரியஸ் அரிசியோடு கூடவே வயலிலிருந்து வருகிறது. அதன் வித்து உலைக்கொதியிலும் சாகாது. சோறு சூடாக இருக்கிற வரை தொந்தரவில்லை. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகும், விஷத்தையும் கக்கும். கல்யாணம், திருவிழா என்றால் எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் என்று அண்டா அண்டாவாகக் கிளறிக் காலையில் மூடிவைத்து, ராத்திரிப் பந்தியில் போடுகிறோம் அல்லவா, அங்கேதான் ஆபத்து. தின்ற ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும். இன்னொரு விதத்தில் கொஞ்சம் பொறுத்து வயிற்றுப்போக்கு வரும். தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வாந்தி விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே சோற்றைச் சூடாக வையுங்கள், அல்லது அகலமான தாம்பாளத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிடுங்கள். நடுவில் வெதுவெதுப்பாக வைக்காதீர்கள். "அப்படின்னா பழையது சாப்பிடக் கூடாதா?" என்பீர்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும்போது அந்தப் புளிப்பு பல கிருமிகளைத் தலையெடுக்க விடாது. சோறு ஆறினதும் காலதாமதம் பண்ணாமல் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது பங்காளி: பயிர்க் காவலன்

இனி பெரியவர் கேட்ட பி.டி. 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது இஷிவாட்டா என்பவர் இதைக் கண்டார். பிறகு 1911-இல் ஜெர்மனியில் துரிஞ்சியா பகுதியில் மாவு அந்துப்புழுவில் பெர்லினர் என்பவர் கண்டார். அந்த ஊர்ப் பெயரே கிருமிக்கு நிலைத்தது. இந்தக் கிருமி வித்தாகும்போது பக்கத்திலேயே படிகம் மாதிரி ஒரு புரதத்தைச் சேர்த்துவைக்கும். புழு இலையோடு அதைத் தின்றால், புழுவின் குடலிலுள்ள காரத்தில் படிகம் கரைந்து குடலைப் பொத்தலாக்கும். சில மணி நேரத்தில் தீனி நின்றுவிடும், இரண்டு மூன்று நாளில் புழு சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்கிற இடமும் நம் குடலில் இல்லை. அதனால் நமக்கும் மாட்டுக்கும் அது விஷமில்லை.

தெளிக்கிறவர்கள் கவனிக்க: இது பட்டால் கொல்லாது, தின்றால்தான் கொல்லும். ஆகையால் இலையின் இரண்டு பக்கமும் நனைய வேண்டும். புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் பொழுது சாயத் தெளியுங்கள். அளவு டப்பாவில் போட்டிருக்கிறபடி. பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது பட்டுப்புழுவுக்கும் எமன். கொசுப் புழுவைக் கொல்கிற ஒரு ரகமும் உண்டு. அது 1976-இல் இஸ்ரேல் நாட்டில் கண்டெடுத்தது.

2002-இல் நம் நாட்டில் அனுமதித்த பி.டி. பருத்தியும் இதே புரதத்தின் பக்குவத்தைச் செடிக்குள் வைத்ததுதான். ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டுவிட்டது. எந்த மருந்தானாலும் ஒன்றையே நம்பி ஓயாமல் அடித்தால் புழு பழகிக்கொள்ளும். மாற்றி மாற்றி உபயோகியுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த உரையில் எல்லாம் மறந்துபோனாலும் பாதகமில்லை. மூக்கில் ரத்தம் கசியச் செத்த மாட்டின் பக்கம் யாராவது கத்தியோடு போவதைக் கண்டால், அவர் யாராக இருந்தாலும் சரி, நீங்கள் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் சரி, வண்டியை நிறுத்துங்கள். நான் அன்றைக்குச் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள்.